மெஷினில் பட்டன் தைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஊசி இடமும் வலமும் மாறி மாறிக் குத்தும் ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் பட்டனும் தைக்கலாம் என்கிறார்கள். நான் தைத்தால் ஊசி பட்டன் மேலேயே இடித்து உடைகிறது. சரியான முறை என்ன?

பதில்: ஊசி உடைவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். ஜிக்ஜாக்கின் அகலமும் பட்டன் துளைகளின் இடைவெளியும் ஒத்துப் போகவில்லை.

முதலில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிடுங்கள். பல மெஷின்களில் அதற்கென்று ஒரு குமிழ் இருக்கும். இல்லாத மெஷினுக்குப் பல்லை மூடுகிற சிறு தகடு கிடைக்கும். தையல் நீளம் 0. துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான ஃபுட்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் குட்டையாகப் பிளந்திருக்கும் பட்டன் ஃபுட்டை மாட்டுங்கள். 14-ம் நம்பர் ஊசியும் சட்டை தைக்கும் பாலியஸ்டர் நூலும் போதும்.

பிறகு ஸ்கேலை வைத்து, ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை அளந்து பாருங்கள். சட்டை பட்டனில் சுமார் 3 மி.மீ. வரும். அகலத்தை அதற்கு வையுங்கள். இடது துளையில் ஊசி இறங்குகிற மாதிரி பட்டனை வைத்து, ஃபுட்டை இறக்கி, கையால் வீலை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி மேலேறி, வலப்பக்கம் சாய்ந்து, அடுத்த துளையின் நடுவில் இறங்க வேண்டும். விளிம்பில் உரசினாலும் விடாதீர்கள். ஊசி மேலே இருக்கும்போது அகலத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ திரும்பச் சுற்றிப் பாருங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது அகலத்தை மாற்றினால் ஊசி வளைந்துவிடும். இரண்டு துளையிலும் நாலைந்து முறை தடங்கலின்றி இறங்கிய பிறகே பெடலில் கால் வையுங்கள். இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல ஊசிகள் போகின்றன. உடைந்த முனை கண்ணில் தெறிக்கவும் கூடும்.

தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நூல் ஊசித் தட்டுக்குள் இழுபட்டு, துணியையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். எட்டிலிருந்து பத்து தையல் போதும். நான்கு துளை பட்டன் என்றால் நூலை வெட்டாமல் ஃபுட்டைத் தூக்கி, பின்னால் இருக்கும் ஜோடிக்கு நகர்த்தித் தையுங்கள்.

கேள்வி: இருபது தையல் போட்டாலும் இரண்டு சலவைக்குள் பட்டன் தொங்கிவிடுகிறதே?

பதில்: பட்டனைப் பிடித்து நிறுத்துவது தையல்களின் எண்ணிக்கை இல்லை, கடைசியில் போடும் முடிச்சு. ஒரே துளையில் இருபது முறை ஊசி இறங்கினால், ஏற்கெனவே போட்ட நூலையே அது குத்திப் பிளக்கும். பத்தோடு நிறுத்தி, அகலத்தை 0-க்குக் கொண்டுவந்து, ஒரே துளையில் மூன்று நான்கு தையல் போடுங்கள். அதன் பிறகு மேல்நூலைத் துணியின் பின்பக்கம் இழுத்து, அடியிலிருந்து வரும் பாபின் நூலோடு சேர்த்து இரண்டு முடிச்சு போட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டாதீர்கள், 3 மி.மீ. விடுங்கள்.

துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். சிறிய, இறுக்கமான கோடுகளாகத் தெரிந்தால் நல்ல தையல். புல் முளைத்த மாதிரி வளையம் வளையமாக நின்றால் மேல்நூலில் டென்ஷன், அதாவது இறுக்கம், இல்லை என்று அர்த்தம். ஃபுட்டை இறக்க மறந்து தைத்தால் இப்படித்தான் ஆகும். ஃபுட் மேலே இருக்கும்வரை டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும்.

கேள்வி: ரெடிமேட் சட்டையில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், பட்டன் கையோடு வந்துவிட்டது. மட்டமான சட்டையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கார்மென்ட் ஆலைகளில் பட்டன் தைக்கும் மெஷின்கள் இரண்டு வகை. ஜூகி நிறுவனத்தின் எம்.பி.-373 போன்றவை ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. பாபினே கிடையாது, அதனால் பாபின் மாற்ற நிறுத்த வேண்டியதில்லை, வேலை மளமளவென்று நடக்கும். ஆனால் சங்கிலித் தையலில் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம்தான் பிடித்திருக்கிறது. கடைசி நுனியை இழுத்தால் பூச்சரம் அவிழ்வதுபோல மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதே நிறுவனத்தின் எல்.கே.-1903 போன்ற மெஷின்கள் மேல்நூல், பாபின் நூல் இரண்டையும் பின்னிப் பூட்டுத் தையல் போடுபவை. அவை அப்படி உருவாது.

புதுச் சட்டை வாங்கியதும் பட்டன் பட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வளையங்கள் கோர்த்த மாதிரி இருந்து ஒரு நுனி நீண்டிருந்தால் அதை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். கை ஊசியில் கோர்த்து, தையலுக்கு அடியில் இரண்டு முறை கொடுத்து முடிச்சிடுங்கள்.

குழந்தைகளின் உடுப்பில் இந்த விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. கழன்ற பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும். ஏற்றுமதிக்குப் போகும் குழந்தை உடைகளில் பட்டனை 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ எடை தொங்கும் அளவுக்கு இழுத்து 10 விநாடி நிறுத்திப் பார்ப்பது வழக்கம். வீட்டில் தைக்கும் ஜப்லாவுக்குப் பூட்டுத் தையல் மட்டும் போடுங்கள். முடிந்தால் பட்டனே இல்லாமல் முடிச்சுக் கயிறு வையுங்கள்.

கேள்வி: நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு மெஷினில் பட்டன் வைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபுட்டைக் கழற்றிவிட்டு, அதன் நெம்புகோலை மட்டும் கீழே இறக்கி, வீலைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு தையலுக்கும் துணியை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். விரல் ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து பட்டன் என்றால் கை ஊசியே சீக்கிரம் முடித்துவிடும். சட்டைகள் நிறைய சேர்ந்துவிட்டால், டெய்லர்கள் செய்வதுபோல காஜா (பட்டன் நுழையும் ஓட்டை) எடுத்துப் பட்டன் வைக்கும் காஜா பட்டன் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோட்டில் தைத்த பட்டனை மாட்டினால் துணி சுருங்கி இழுக்கிறது.

பதில்: பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலால் ஆன தண்டு இல்லாததுதான் காரணம். காஜா உள்ள பக்கம் எவ்வளவு தடிமனோ, தண்டும் அவ்வளவு உயரம் வேண்டும். பட்டனின் மேல், துளைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலேயே தையல் விழும்படி தையுங்கள். முடிக்கும்போது 20 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள். குச்சியை உருவி, பட்டனை மேலே தூக்கினால் அடியில் நூல் நீண்டு நிற்கும். விட்ட நூலைக் கை ஊசியில் கோர்த்து, பட்டனுக்கு அடியில் கொண்டுவந்து, அந்தத் தண்டை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சிடுங்கள். அடியில் வளையம் உள்ள பட்டன்களை வீட்டு மெஷினில் முயலாதீர்கள், அவை கைத்தையலுக்கே.

கேள்வி: காலர் வைத்த டி-ஷர்ட்டில் பட்டன் வைத்த இடம் கிழிகிறது.

பதில்: பின்னலாடையில் ஊசி ஒரு கண்ணியை அறுத்தால் அது ஓட்டையாக ஓடும். பட்டிக்குள் ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டி, 11-ம் நம்பர் உருண்டை முனை ஊசியில் தையுங்கள். ஏற்கெனவே தைத்த ஆடை என்றால் பின்பக்கம் 1.5 செ.மீ. சதுரத்தில் காட்டன் துணித் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். இழுவிசை முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: பட்டன் போட்டால் சட்டையின் கீழ் விளிம்பு ஏறி இறங்கி நிற்கிறது. காஜா எந்த அளவு எடுக்க வேண்டும்?

பதில்: காஜா முதலில், பட்டன் பிறகு. பட்டன் கடையில் சொல்லும் லைன் கணக்கில் 1 லைன் 0.635 மி.மீ. சட்டைக்கான 18 லைன் பட்டன் ஏறக்குறைய 11.4 மி.மீ. அதோடு பட்டனின் தடிமனைச் சேர்த்தால் காஜாவின் நீளம் வந்துவிடும், 14 மி.மீ. போல. காஜா எடுத்ததும் இரண்டு பட்டிகளையும் மேசையில் போட்டு, கீழ் விளிம்பைச் சேர்த்துப் பின் குத்துங்கள். ஒவ்வொரு காஜாவின் மேல் நுனியிலிருந்து 3 மி.மீ. கீழே, காஜா வழியாகவே பென்சிலால் புள்ளி வையுங்கள். காலரில் காஜா படுக்கையாக இருக்கும், அங்கே வெளி நுனியிலிருந்து 3 மி.மீ. உள்ளே. டேப்பை வைத்துத் தனியாக அளந்து குறித்தால், காஜா ஒன்று 2 மி.மீ. தள்ளிப் போயிருந்தாலும் அந்த நகர்வு பட்டனின் குறியில் சேராது. கீழ் விளிம்பு ஏறி இறங்குவது அதனால்தான்.