"கிளியர் ஸ்கை கேரண்டி"ய நம்பி கிரகணம் பாக்க பணம் கட்டாதீங்க

கேள்வி: 2028 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்துக்கு அம்மாவையும் (68 வயசு, முட்டி வலி உண்டு) கூட்டிட்டு சிட்னி போகலாம்னு இருக்கேன். அங்க அப்ப குளிர்காலம், அன்னிக்குன்னு பாத்து மேகம் வந்துட்டா எல்லாமே போச்சேன்னு பயமா இருக்கு. ஒரு டூர் ஏஜென்ட் "கிளியர் ஸ்கை கேரண்டி"ன்னு ஒரு பேக்கேஜ் சொல்றாரு, ஆனா முழு பணத்தையும் இப்பவே கட்டணுமாம். நம்பலாமா? வெதர் ஃபோர்காஸ்ட்ட எத்தன நாள் முன்னாடி பாத்து முடிவு பண்ணணும்?

பதில்: மொதல்ல அந்த கேரண்டிய பேசி முடிச்சுடுவோம், ஏன்னா அத கேட்டாலே எனக்கு கோவம் வருது. மேகத்துக்கு உலகத்துல யாரும் கேரண்டி குடுக்க முடியாது. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "மேகம் இருந்தா நீங்க என்ன செய்வீங்க?" பணத்த திருப்பி தருவோம்னு சொன்னா எழுதி வாங்குங்க. வேற இடத்துக்கு கூட்டிட்டு போவோம்னு சொன்னா எந்த இடம், எந்த வண்டி, எப்ப கெளம்புவீங்க, யார் முடிவு பண்ணுவாங்கன்னு கேளுங்க. இதுக்கெல்லாம் பதில் வராம "சார் அந்த சீசன்ல அங்க மழையே கிடையாது"ன்னு மழுப்பினா அந்த பேக்கேஜ்ல கேரண்டின்னு எதுவும் இல்ல, விளம்பரம் மட்டும்தான் இருக்கு. பின்பக்கம் பொடி எழுத்துல "வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல"ன்னு போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க.

அந்த சீசன்ல இப்படித்தான் இருக்கும்னு சொல்றது பல வருஷத்து சேட்டிலைட் படங்கள வெச்சு போடற சராசரி கணக்கு. கனடாவ சேர்ந்த ஜே ஆண்டர்சன்னு ஒரு வானிலை நிபுணர் ஒவ்வொரு கிரகணப் பாதைக்கும் (முழு மறைப்பு தெரியற நீளமான பட்டைதான் பாதை) இத அழகா மேப் போட்டு தர்றாரு, ரொம்ப நல்ல வேல, எந்த ஊர்ல ரூம் போடறதுன்னு யோசிக்க அது கட்டாயம் வேணும். ஆனா சராசரி அந்த ஒரு நாளுக்கு வாக்கு குடுக்காது. 2024 ஏப்ரல் 8 கிரகணத்துக்கு அமெரிக்கால சராசரிப்படி டெக்சாஸ்தான் நல்ல இடம், வடக்கால இருக்க வெர்மான்ட், மெய்ன் பக்கமெல்லாம் தேறாதுன்னாங்க. அன்னிக்கு டெக்சாஸ்ல பல இடத்துல மேகம், வெர்மான்ட்ல பளிச்சுன்னு வானம். 2009லயும் இதே ஜூலை 22ந்தேதி பீகார்ல தாரேகனாங்கற ஊர்தான் பெஸ்ட்டுன்னு சொல்லி கூட்டம் கூட்டமா போய் நின்னாங்க, பருவமழை மேகம் மொத்தமா மூடிருச்சு. பருவமழை உச்சத்துல ஒரு ஊர பெஸ்ட்டுன்னு கூவறதுக்கு முன்னாடி அந்த மாசத்து வானத்த யாராவது யோசிச்சிருக்க வேணாமா?

சரி, சிட்னி. உங்களுக்கு நல்ல சேதி என்னன்னா ஜூலை கடைசில சிட்னி அவ்வளவு மோசம் கிடையாது. அங்க ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும், காத்து எந்தப் பக்கத்துலருந்து வருது. சிட்னிக்கு கிழக்கால கடல், மேற்கால ப்ளூ மவுண்டன்ஸ் மலை. குளிர்காலத்துல அடிக்கடி மேற்கு காத்து அடிக்கும். அது மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்த இறக்கி வெச்சுட்டு காஞ்சு போய் சிட்னி பக்கம் இறங்கும், அதனால அந்த மாதிரி நாள்ல மலையோட மேற்கு சரிவுல மேகம் நிக்கும், சிட்னில நல்ல வெயில். காத்து கடல்லருந்து வந்தா அப்படியே தலைகீழ், கரையோரமெல்லாம் மேகமும் தூறலும், மலைய தாண்டி உள்ள போனா வானம் தெளிவா இருக்க வாய்ப்பு அதிகம். ஆக மலைக்கு இந்தப் பக்கம் ஒரு இடம், அந்தப் பக்கம் ஒரு இடம்னு ரெண்டு கைவசம் வெச்சுக்கோங்க. அந்தப் பக்கத்துக்கு மட்ஜி, டப்போ ரெண்டுமே கிரகணப் பாதைக்குள்ளதான் இருக்கு. சிட்னிலருந்து மட்ஜி கார்ல மூணரை மணி நேரம், டப்போ அஞ்சு மணி நேரம் ஆகும். உள்நாட்டு ஊர்கள்ல காலைல மூடுபனி கிடந்தா பதறாதீங்க, பெரும்பாலும் மதியத்துக்குள்ள கலைஞ்சுடும், முழு மறைப்பு வர்றது பிற்பகல் ரெண்டு மணி வாக்குலதான்.

இப்ப ஃபோர்காஸ்ட். பத்து நாள் முன்னாடி ஆப்ல சூரியன் படம் போட்டிருந்தாலும் சரி மேகம் படம் போட்டிருந்தாலும் சரி, அத பாக்கவே பாக்காதீங்க, தூக்கம்தான் கெடும். அஞ்சு நாள் இருக்கப்ப பெரிய படம் தெரிய ஆரம்பிக்கும், மேற்கால இருந்து ஏதாவது மழை அமைப்பு வருதா, காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு. ரெண்டு நாள் இருக்கப்ப மேகத்தோட மேப்ப பாருங்க. ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல்னு ரெண்டு கம்ப்யூட்டர் கணிப்பு இருக்கும், விண்டி மாதிரி ஆப்ல ரெண்டையும் மாத்தி மாத்தி பாக்கலாம், ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா தைரியமா நம்பலாம், வேற வேற மாதிரி சொன்னா நம்பிக்கை கம்மின்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு காலைல ஃபோர்காஸ்ட்ட விட்டுட்டு சேட்டிலைட் படத்துக்கு வந்துடுங்க, ஜப்பானோட ஹிமாவரி சேட்டிலைட் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பும், மேகம் எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணால பாத்துடலாம்.

இந்த ஆப்கள பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நாள் முழுசுக்கும் சேத்து ஒரு குட்டி படம், "பகுதி மேகமூட்டம்"னு ஒரு வார்த்த, இத வெச்சுட்டு மனுஷன் என்ன முடிவு எடுக்கறது? எந்த உயரத்துல மேகம், எத்தன மணிக்கு, எவ்வளவு கெட்டி, இந்த தகவலெல்லாம் அவங்க கைல இருக்கு, ஜனங்களுக்கு புரியாதுன்னு அவங்களே முடிவு பண்ணி ஒளிச்சு வெச்சுடறாங்க. நீங்க கீழ் மேகம், நடு மேகம், மேல் மேகம்னு தனித்தனியா காட்டற ஆப்பா பாத்து எடுங்க, ஏன்னா மூணும் ஒண்ணு கிடையாது. கீழ் மேகமும் நடு மேகமும் உங்களுக்கு எதிரி. ஆனா ரொம்ப உசரத்துல பஞ்ச பிச்சு இழுத்த மாதிரி மெலிசா இருக்குமே, அந்த மேல் மேகம் மட்டும் விதிவிலக்கு. ஆப் அத "நூறு சதவீதம் மேகம்"னு காட்டும், ஜனம் பயந்துபோய் நல்ல இடத்த விட்டுட்டு ஓடும். ஓடாதீங்க. அந்த மெல்லிசு மேகம் வழியா வைர மோதிரம் (சூரியன் முழுசா மறையறதுக்கு முன்னாடி கடைசியா ஓரத்துல மின்னற வெளிச்சம்) தெரியும், சூரியன சுத்தி இருக்க கொரோனாவோட உள்பக்கம் நல்லா தெரியும், வெளிய நீளமா போற கதிர்கள்தான் கொஞ்சம் மங்கும். மெல்லிசா கெட்டியான்னு எப்படி கண்டுபிடிக்கறது? சூரியன பாக்க வேண்டாம், தரையில உங்க கை நிழல பாருங்க. விரல் விரலா நிழல் தெளிவா விழுந்தா அங்கயே இருங்க. நிழல் கலங்கலா இருந்தா யோசிக்கணும், நிழலே இல்லன்னா இடம் மாறணும். முந்தின நாள் அதே ரெண்டு மணிக்கு இத செஞ்சு பாத்து ஆப் காட்டறதோட ஒப்பிட்டு வெச்சுக்கோங்க, அந்த ஆப்ப எவ்வளவு நம்பலாம்னு தெரிஞ்சுடும்.

அடுத்து இன்னொரு பொறி. "சென்டர் லைன்ல ரூம், எக்ஸ்ட்ரா செகண்ட்ஸ்"னு சொல்லி ரேட்ட ஏத்துவாங்க. சிட்னில முழு மறைப்பு சுமார் 3 நிமிஷம் 45 செகண்ட். பாதையோட நடுக்கோட்டுலருந்து ஓரத்த பாக்க பாதி தூரம் தள்ளி நின்னாலும் நேரம் ஏழெட்டுல ஒரு பங்குதான் கொறையும், அதாவது சுமார் அர நிமிஷம். அந்த அர நிமிஷத்துக்காக ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு மேகத்த பாத்துட்டு நிக்கறதவிட, கொஞ்சம் தள்ளியே இருந்தாலும் நகர முடியற இடமா இருக்கறது எவ்வளவோ மேல். ஆனா பாதையோட ஓரத்துக்கே போயிடாதீங்க, அங்க நேரம் மளமளன்னு கொறஞ்சு வெறும் செகண்ட்ஸ்ல முடிஞ்சுடும். பாதைக்கு வெளிய போனா பேச்சே இல்ல. கான்பெரா, மெல்போர்ன், பிரிஸ்பேன் எதுவுமே பாதைக்குள்ள இல்ல. "அங்கயும் பெரும்பகுதி மறையும் மேடம், ரூம் சீப்பு"ன்னு ஒரு ஏஜென்ட் சொல்வான். மிச்சம் ஒரு சதவீத சூரியன் தெரிஞ்சாலே கொரோனா தெரியாது, இருட்டாவும் ஆகாது, அதுக்கு விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்ல. இதே 2028 ஜனவரி 26ல ஒரு வளைய கிரகணமும் இருக்கு, அதுல சூரியனோட ஓரம் வளையமா தெரிஞ்சுட்டே இருக்கும், கொரோனா கிடையாது, பேக்கேஜ்ல தேதிய நல்லா பாத்துக்கோங்க.

கிம்பர்லி பக்கம் போகலாமான்னு சில பேர் கேப்பாங்க. வடமேற்கு ஆஸ்திரேலியால அது வறண்ட காலம், வானத்துக்கு அதுதான் நல்ல இடம், மறைப்பும் அங்கதான் அதிகம், 5 நிமிஷம் 10 செகண்ட் வரைக்கும். ஆனா ரோடு, ஆஸ்பத்திரி, தங்கற இடம் எல்லாமே தூரம் தூரம், அம்மாவோட நான் அனுப்ப மாட்டேன். நியூசிலாந்துல குயின்ஸ்டவுன், டுனெடின் பக்கமும் தெரியும்தான், சாயங்கால சூரியன் தாழ்வா மலைக்கு பின்னாடி போற நேரம், வேண்டாம்.

ரூம் விஷயத்துல ஒண்ணு. கிரகணம் நெருங்க நெருங்க சில ஓட்டல்காரங்க "சிஸ்டம்ல தப்பு"ன்னு பழைய புக்கிங்க கேன்சல் பண்ணிட்டு அதே ரூம பல மடங்கு ரேட்டுக்கு விப்பாங்க. தேதி, ரேட், ரூம் வகை மூணும் எழுத்துல உள்ள கன்ஃபர்மேஷன் வாங்குங்க, நடுவுல ஏஜென்ட் இருந்தாலும் ஓட்டலுக்கு நீங்களே நேரா மெயில் போட்டு உங்க பேர்ல ரூம் இருக்கான்னு கேளுங்க. ஏஜென்ட் மொத்தமா எடுத்து வெச்சிருக்க ரூம்னா உங்க பேரே அங்க இருக்காது, பிரச்சனைன்னு வந்தா ஓட்டல்காரன் அவன கேளும்பான், அவன் ஓட்டல்காரன கேளும்பான், நீங்க பெட்டியோட ரோட்டுல நிப்பீங்க. 

அம்மாவ வெச்சுட்டு கடைசி நேரத்துல ஓட முடியுமாங்கறதுதான் உங்க உண்மையான கவலைன்னு புரியுது. ஓடவே வேணாம். சிட்னில ஒரு ரூம், மட்ஜில ஒரு ரூம், ரெண்டும் கேன்சல் பண்ணக்கூடியதா போடுங்க, கேன்சல் பண்ண கடைசி தேதி என்னன்னு காலண்டர்ல குறிச்சுக்கோங்க, ஏதோ ஒண்ண கடைசில விட வேண்டியிருக்கும், அந்த நஷ்டத்த இப்பவே பட்ஜெட்ல சேத்துடுங்க. ஜூலை 20 வியாழக்கிழமை ராத்திரி காத்தையும் மேகத்தையும் பாத்து எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க, மலைக்கு அந்தப் பக்கம்னா வெள்ளிக்கிழமை காலைலயே அம்மாவ கூட்டிட்டு நிதானமா போயிடுங்க. சனிக்கிழமை காலைல அந்த மலைய தாண்ட நெனைக்காதீங்க, பெரிய ரோடுன்னு ரெண்டுதான் இருக்கு, லீவு நாள் வேற, சிட்னிக்கு 1857க்கு அப்புறம் வர்ற முதல் முழு கிரகணம், மொத்த ஊரும் ரோட்டுலதான் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானமே உக்கார்ற இடத்த பாத்து வைங்க, ரெண்டு மணிக்கு சூரியன் வடக்குக்கும் வடமேற்குக்கும் நடுவுல, வானத்துல மூணுல ஒரு பங்கு உயரத்துல இருக்கும், அந்தப் பக்கம் கட்டடமோ மரமோ மறைக்கக் கூடாது, அம்மாவுக்கு முதுகு சாயற நாற்காலியும் கம்பளியும் வேணும். ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை (சூரியன நேரா பாக்கற கண்ணாடிக்கான தர முத்திரை) உள்ள கிரகண கண்ணாடிய தெரிஞ்ச கம்பெனிகிட்ட முன்னாடியே வாங்கி வெச்சுடுங்க, முத்திரைய யாரும் அச்சடிச்சுடலாம்ங்கறதால ரோட்டோரம் விக்கறத வாங்காதீங்க. பகுதி மறைப்பு முழுக்க கண்ணாடி, முழு மறைப்பு நேரத்துல மட்டும் கழட்டணும், மறுபடி வெளிச்சம் எட்டிப் பாத்ததும் உடனே போட்டுடணும். அன்னிக்கு ஒரு மணிக்கு மேகம் இருந்தாலும் எழுந்து போயிடாதீங்க, ரெண்டு மேகத்துக்கு நடுவுல அர நிமிஷம் இடைவெளி கிடைச்சா கூட கொரோனாவ பாத்துடலாம், அதனால அந்த மூணே முக்கா நிமிஷமும் போன எடுக்காம அம்மாவையும் மேலயே பாக்க சொல்லுங்க.