அழித்த செய்தியும் 1,200 பக்கமும்

கேள்வி: சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஐயா. தேசப் பாதுகாப்பும் தனிமனித உரிமையும் மோதும் இடத்தை அமெரிக்கா, ஐரோப்பா இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க ஆசை. இரண்டும் ஜனநாயகம்தானே, பெரிதாக என்ன வித்தியாசம் என்கிறாள் தோழி. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: வித்தியாசம் இருக்கிறது, அடிப்படையிலேயே. என் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது மாக்ஸ் ஷ்ரெம்ஸ் வழக்கைத்தான். ஆஸ்திரியாக்காரர், அப்போது அவரும் சட்ட மாணவர். 2011-ல் ஃபேஸ்புக்கிடம், என்னைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் கொடுங்கள் என்று ஐரோப்பியச் சட்டப்படி கேட்டார். 1,200 பக்கத்துக்கு மேல் வந்தது. அவர் எப்போதோ அழித்த செய்திகளும் அதில் இருந்தன!

2013-ல் அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஸ்னோடன் அதன் ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததும், ஷ்ரெம்ஸ் அயர்லாந்தில் புகார் கொடுத்தார். ஃபேஸ்புக்கின் ஐரோப்பியத் தலைமையகம் அங்கேதான். விவகாரம் லக்சம்பர்க் வரை போனது. ஐரோப்பியர்களின் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிசெய்த 'சேஃப் ஹார்பர்' ஏற்பாட்டை அங்குள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்தது. அடுத்து வந்த 'பிரைவசி ஷீல்டு' 2020-ல் விழுந்தது.

இந்த 2020 தீர்ப்பை வரி வரியாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் அல்லாதவர்களின் தகவல்தொடர்பை, ஆளுக்கொரு வாரண்டு இல்லாமலே ஃபைசா என்ற அமெரிக்க உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702-ஆம் பிரிவில் அந்நாட்டு அரசு எடுக்கலாம். காரணமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் அவர்களுக்குக் கைகொடுக்காது. ஐரோப்பிய உரிமைச் சாசனமோ குடியுரிமை பார்க்காமல் எல்லோருடைய தனிவாழ்வையும் காக்கிறது. சரி, வேவு பார்க்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவது? ஓர் ஆம்பட்ஸ்மனை, அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரியை, அமெரிக்கா நியமித்திருந்தது. உளவு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை என்று நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் தீர்ப்பின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முறையிட இடமில்லாத உரிமை வெறும் தாள்தான்.

அதற்காக ஐரோப்பாவை உத்தமர் ஆக்கிவிடாதீர்கள். மாட்ரிட், லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 2006-ல் அவர்களே ஒரு சட்டம் போட்டார்கள். யார் யாரை எப்போது, எங்கிருந்து அழைத்தார் என்பதை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தொலைபேசி நிறுவனங்கள் சேமிக்க வேண்டும், சந்தேகமே இல்லாதவர்களுடையதையும்! 2014-ல்தான் அதே லக்சம்பர்க் நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. அப்புறம் அமெரிக்காவின் 2018 கார்ப்பென்டர் தீர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவருடைய செல்போன் போன இடங்களின் பழைய பதிவை எடுக்க போலீஸ் பொதுவாக வாரண்டு வாங்க வேண்டும் என்றது அது. உங்கள் தோழி சொன்னதில் எவ்வளவு சரி என்பதை அதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லாத் தீர்ப்புகளும் இணையத்தில் இலவசம். சுருக்கங்களை நம்பாமல் மூலத்தையே எடுங்கள்.