ஸ்கோர்போர்டின் கடைசி வரி

வணக்கம் அண்ணா,

போன மாதம் வாலரண்ட் வீடியோ கேம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த தைரியத்தில் இதைக் கேட்கிறேன். நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஹாஸ்டலில் ஐந்து பேர் சேர்ந்து இரவில் ஆடுவோம். நான் சைஃபர். ஆரம்பத்தில் யாரும் எடுக்காததால் என் தலையில் விழுந்த கேரக்டர். இப்போது அதைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மேட்ச் முடிந்ததும் ஸ்கோர்போர்டில் என் பெயர் பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஜெட் என்ற கேரக்டரை ஆடும் நண்பன், "நீ மூலையில ஒளிஞ்சுக்கிட்டு சிசிடிவி பாரு, நாங்க முன்னாடி போய்ச் சாகுறோம்" என்கிறான். ஜெயித்த நாளில் சிரித்துவிடுவேன். தோற்ற நாளில் அது சுருக்கென்று குத்துகிறது.

ஒரு மேட்சின் ரெக்கார்டிங்கை இணைத்திருக்கிறேன். அசென்ட் மேப், 9-13 தோல்வி. நான் எங்கே தப்பு செய்கிறேன்? பேசாமல் ஜெட் மாதிரி முன்னால் பாய்ந்து சண்டை போடும் டூயலிஸ்ட்டுக்கு மாறிவிடலாமா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: பிஸ்டல் ரவுண்டில், அதாவது பாதியின் முதல் ரவுண்டில், கிடைக்கும் 800 கிரெடிட்டை (ஆயுதம் வாங்கும் விளையாட்டுப் பணம்) சைஃபர் எப்படிச் செலவழிக்க வேண்டும்?

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

ரெக்கார்டிங்கை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். உங்கள் நண்பர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. காரணத்தைத்தான் தப்பாகச் சொல்கிறார். நீங்கள் ஒளிந்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. பார்த்ததை நீங்கள் டீமுக்குச் சொல்லும் விதத்தில்தான் கோளாறு.

இந்த விளையாட்டு தெரியாதவர்களும் இங்கே படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வரி. வாலரண்ட், ரயட் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ஷூட்டர். ஐந்துக்கு ஐந்து பேர். ஒரு அணி ஸ்பைக் என்ற குண்டை வைக்க வரும், இன்னொரு அணி தடுக்கும். குண்டு வைக்கும் இடம்தான் சைட், அவற்றுக்கு ஏ, பி என்று பேர். அங்கே நேராக வரும் வழி மெயின், நடுவில் இருப்பது மிட். பன்னிரண்டு ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறும், முதலில் 13 ரவுண்டு ஜெயிப்பவருக்கு மேட்ச். சைஃபர் மொராக்கோக்காரர், தொப்பியும் முகமூடியும் போட்ட ஒற்றர். வழியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, கடப்பவரை மாட்டவைக்கும் கம்பி கட்டுவார், ஆடுபவர்கள் அதை டிரிப் என்பார்கள். சுவரில் ஒரு கேமரா ஒட்டுவார். பார்வையை மறைக்கும் கேஜ் ஒன்றும் உண்டு. செத்துக் கிடக்கும் எதிரியை வைத்து, உயிரோடு இருக்கும் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று டீமுக்கே காட்டுவது அவருடைய அல்ட், அதாவது எப்போதாவது மட்டும் கிடைக்கும் பெரிய சக்தி.

முதலில் அந்த ஸ்கோர்போர்டு விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் வரும் காம்பாட் ஸ்கோர் எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? கொடுத்த ஒவ்வொரு டேமேஜுக்கும் ஒரு புள்ளி. எதிரணியில் ஐந்து பேரும் இருக்கும்போது அடிக்கும் முதல் கில்லுக்கு 150, ஆள் குறையக் குறைய அதுவும் குறைந்து கடைசி ஆளுக்கு 70. ஒரே ரவுண்டில் பல கில் எடுத்தால் கூடுதல். எதிரியை அடிக்காமல் கில்லுக்கு உதவினால், அதாவது டேமேஜ் இல்லாத அசிஸ்டுக்கு, 25. "பி மெயினில் யாரும் இல்லை, ஒருத்தர் ஏ-க்குப் போங்க" என்று நீங்கள் சொல்லி அந்த ரவுண்டு ஜெயித்தால் அதற்கு எத்தனை? பூஜ்யம். முதலில் உள்ளே பாய்கிறவருக்காகவே செய்த தராசு அது. அதில் ஏறி நின்று உங்கள் எடையைப் பார்க்காதீர்கள். நண்பரிடம் இதை விளக்கிக்கொண்டும் இருக்காதீர்கள், கேட்க மாட்டார்.

இனி ரெக்கார்டிங்குக்கு வருகிறேன். நீங்கள் தடுக்கும் பக்கத்தில் பி சைட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்ட ரவுண்டுகளில் ஒன்று. கடிகாரத்தில் 1:12. பி மெயினில் கட்டியிருந்த டிரிப்பை யாரோ சுட்டு உடைக்கிறார்கள். உடனே நீங்கள் மைக்கில், "பி, பி, பி! எல்லாரும் பி!" என்று கத்துகிறீர்கள். ஏ-யில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் கிளம்புகிறார், மிட்டில் இருந்தவர் மார்க்கெட் வழியாக ஓடி வருகிறார். இதற்குள் எதிரணியில் நான்கு பேர் ஏ மெயினிலும் ஏ-க்குப் போகும் இன்னொரு வழியான கேட்வாக்கிலும் நுழைந்துவிட்டார்கள். ஏ-யில் தனியாக மாட்டியவர் உங்கள் ஜெட் நண்பர். செத்துக்கொண்டே அவர் திட்டியதும் பதிவாகியிருக்கிறது.

அந்த நேரத்தில் உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும்? ஒரு டிரிப் உடைந்தது தெரியும். அவ்வளவுதான். காலடிச் சத்தம் கேட்கவில்லை, பார்வையை மறைக்கும் ஸ்மோக் விழவில்லை. கேமரா பி மெயினைப் பார்த்த மாதிரிதான் ஒட்டியிருந்தது, அதை ஒரு விநாடி திறந்திருந்தால் அங்கே நின்றது ஒரே ஆள் என்று தெரிந்திருக்கும். நீங்கள் பார்த்ததைச் சொல்லவில்லை, பயந்ததைச் சொன்னீர்கள். டீம் உங்களை நம்பி ஓடி வந்தது. ஒரு டிரிப்பை உடைக்க அவர்களுக்கு ஒரு ஆளும் சில தோட்டாக்களும் போதும், அதைக் காட்டி உங்கள் டீமில் பாதியை நகர்த்த முடிந்தால் லாபம்தானே?

"பி மெயின் டிரிப் போச்சு. சத்தம் இல்ல. கேமரா பார்க்கிறேன்." இப்படிச் சொல்லியிருந்தால் போதும். பிறகு, "ஒரு ஆள், மெயின்லயே நிக்கிறான்." எங்கே, எத்தனை பேர், வருகிறார்களா நிற்கிறார்களா, இதற்கு மேல் தேவையே இல்லை. உங்கள் ஊகத்தையும் தாராளமாகச் சொல்லலாம், "ஃபேக் மாதிரி இருக்கு" என்று. ஆனால் பார்த்தது தனி, நினைப்பது தனி என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும். சத்தமாகச் சொன்னால் அவசரம் என்று அர்த்தமாகிவிடும். குரலை ஏற்றாமல் சொல்லிப் பழகுங்கள். கொஞ்ச நாளில் நண்பர்களே வித்தியாசத்தைக் கேட்டுவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, சைஃபர் ஆடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கோட்டை விடுகிறார்கள். டிரிப் உடையாமல் இருப்பதும் தகவல். அதே பாதியில் பின்னால் வந்த ஒரு ரவுண்டில், நேரம் 35 விநாடிதான் மீதி இருக்கிறது. உங்கள் இரண்டு டிரிப்பும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் வாயே திறக்கவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஒரு ரவுண்டுக்கு மொத்தமே 100 விநாடி. அந்த நேரத்தில் பி மெயினில் யாரும் தொடவில்லை என்றால், பி-க்கு வர அவர்களுக்கு வழி அநேகமாக மிட் ஒன்றுதான். மிட்டிலும் நடமாட்டம் இல்லை என்று உங்கள் ஆள் ஏற்கெனவே சொல்லிவிட்டார். எல்லாரும் ஏ பக்கம்தான் குவிந்திருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட உறுதி. "பி காலி, டிரிப் இருக்கு, நான் ஏ-க்கு வரேன்" என்று நீங்கள் நகர்ந்திருக்க வேண்டும். பி-யைக் கம்பி பார்த்துக்கொள்ளும், ஏ-யில் ஒரு துப்பாக்கி கூடும். சைஃபரை எடுப்பதே இதற்காகத்தான். மூன்று சைட் இருக்கும் ஹேவன், லோட்டஸ் மாதிரியான மேப்களில் இது இரட்டிப்பு லாபம், ஐந்து பேரை மூன்றாகப் பிரித்தால் எங்கேயாவது இடிக்கத்தானே செய்யும். (லோட்டஸ் 2023 ஜனவரியில் வந்த மேப். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாகக் கதை. அங்கே ஆடும்போது சுழலும் கல் கதவுகளின் சத்தத்தையும் ஒரு இலவச டிரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது நீங்கள் சாகும் நேரம். பல ரவுண்டுகளில் உங்கள் டீமில் முதலில் விழுந்தவர் நீங்கள்தான். ஒளிந்திருப்பவர் என்று பேர் வாங்கியவர் இப்படி விழுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பி மெயினுக்குள் தனியாக எட்டிப் பார்த்துச் சண்டை தேடுகிறீர்கள். நண்பரின் கிண்டலுக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பீக் என்று எனக்குப் பட்டது. சைஃபர் செத்ததும் டிரிப்பும் கேமராவும் அவரோடு சேர்ந்து செயலிழந்துவிடும். ஜெட் முதலில் செத்தால் டீம் நான்கு பேராகிறது. நீங்கள் முதலில் செத்தால் நான்கு பேராவதோடு பி சைடே குருடாகிறது. உங்கள் உயிர் டீமின் சொத்து என்று நினைத்து ஆடுங்கள், அதற்காகக் கூச்சப்படாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உங்களிடம் இருக்கிறது: கேமராவுக்குள் போனால் வெளியே வர மனசே இல்லை. உள்ளே இருக்கும்போது உங்கள் உடம்பு எங்கேயோ கைகட்டி நிற்கிறது. யார் வந்தாலும் தெரியாது. பார், சொல், வெளியே வா. நீண்ட நேரம் உட்கார வேண்டிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. நீங்கள் தாக்கும் பக்கம், ஸ்பைக்கை வைத்தாகிவிட்டது, நீங்கள் பத்திரமான தூரத்தில் இருக்கிறீர்கள், கேமரா ஸ்பைக்கைப் பார்க்கிறது. டிஃப்யூஸ் செய்ய, அதாவது எதிரணி அந்தக் குண்டைச் செயலிழக்க வைக்க, 7 விநாடி ஆகும். சத்தம் காட்டி உங்களை வெளியே இழுக்க, தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு விடுவார்கள். தொட்டு விடுகிறாரா, நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாரா என்பது கேமராவில் பளிச்சென்று தெரியும். "தொட்டுட்டு விட்டான், போகாதே... இப்ப உக்காந்துட்டான், அடி" என்று நீங்கள் சொன்னால் மற்றவர் வேலை பாதியாகக் குறையும். பாதி டிஃப்யூஸ் முடிந்தால், அதாவது 3.5 விநாடி, அது அழியாமல் நிற்கும் என்பதையும் மறக்காமல் சொல்லிக்கொண்டிருங்கள்.

டிரிப் கட்டும் இடத்தையும் மாற்றுங்கள். முதல் பாதி முழுக்க அதே மூலை, அதே உயரம். பாதியிலேயே எதிரணி அதைப் பார்க்காமலே சுட ஆரம்பித்துவிட்டது. அல்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது காட்டுகிற இடம் அந்த நொடிக்கு மட்டும்தான் சரி. தாங்கள் தெரிந்துவிட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும், உடனே நகர்வார்கள். டீம் அடுத்த சில விநாடிகளில் பாயத் தயாராக இருந்தால் போடுங்கள். சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று போட்ட இரண்டும் வீண்.

டூயலிஸ்ட்டுக்கு மாறலாமா என்றால், வேண்டாம். மாறினால் உங்கள் டீமில் இரண்டு ஜெட் மனசு இருக்கும், பின்னால் பார்க்க ஆளிருக்காது. ஆனால் சென்டினல் (சைஃபர் மாதிரி காவல் காக்கும் கேரக்டர்) என்றால் கில் எடுக்க வேண்டியதில்லை என்ற சமாதானத்தையும் நான் ஏற்கமாட்டேன். ரஷ்ய வீரர் நாட்ஸ் ஆடியதைத் தேடிப் பாருங்கள். 2021 செப்டம்பரில் வாலரண்ட் சர்வதேசப் போட்டியான பெர்லின் மாஸ்டர்ஸ் இறுதியில் என்வி அணியை 3-0 என்று வென்ற கேம்பிட் அணியில் இருந்தவர். கூட்டத்தோடு போகாமல் ஓரமாகத் தனியே காத்திருப்பதற்கே பேர்போனவர். அந்தக் காத்திருப்பில் சோம்பல் இருக்காது. எதிரி எந்த நொடியில் முதுகைக் காட்டுவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், காட்டியதும் சுட்டுவிடுவார். உங்கள் டிரிப்பில் ஒருவர் மாட்டியபோது நீங்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தீர்கள். மாட்டியவர் அதை அறுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கில் உங்களுடையது. டிரிப்பைச் சுடக்கூடிய கோணத்தில் நீங்கள் ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும்.

பிஸ்டல் ரவுண்டு: கேமரா இலவசம். டிரிப் ஒன்று 200, கேஜ் ஒன்று 100. இரண்டிலும் இரண்டிரண்டாக எல்லாம் வாங்கினால் 600 போய்விடும், மிச்ச 200-க்கு உருப்படியாக ஒன்றும் வராது. ஒரு சைட்டைத் தனியாகத் தடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு டிரிப்பும் 400-க்கு லைட் ஷீல்டும் வாங்குங்கள், கையில் கிளாசிக் பிஸ்டல் போதும். தாக்கும் பக்கம் என்றால் 500-க்கு கோஸ்ட் பிஸ்டல், ஒரு டிரிப், ஒரு கேஜ். அந்த ஒரு டிரிப்பைப் பின்பக்கம் கட்டிவிட்டு டீமோடு போங்கள், உடைந்தால் மட்டும் சொல்லுங்கள். அடுத்த ரெக்கார்டிங்கை அனுப்பும்போதும் இதே மாதிரி மைக் ஆடியோவோடு அனுப்புங்கள், முக்கியமாக நான் கேட்கப்போவது அதைத்தான்.