சிபாப் போட ஆரம்பித்து ஒன்பது நாள்… அசதி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. பல வருடங்களாகக் குறட்டை. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கிவிடும். தூக்கப் பரிசோதனை செய்து பார்த்ததில் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், தீவிரமாக இருக்கிறது, அதன் அளவைச் சொல்லும் ஏஹெச்ஐ 38 என்றார்கள். மாஸ்க் வழியே காற்றை ஊதி மூச்சுப் பாதையை மூடாமல் வைக்கும் சிபாப் கருவியோடு தூங்கச் சொன்னார்கள். இன்றோடு ஒன்பது நாள். முதல் இரண்டு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அதற்குப் பிறகு நடு ராத்திரியில் என்னை அறியாமல் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறேன். காலையில் பார்த்தால் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மூன்று, மூன்றரை மணி நேரம்தான் போட முடிகிறது. வாய் வறண்டு போகிறது, அசதி அப்படியேதான் இருக்கிறது. இதில் நிஜமாகவே பலன் உண்டா? எத்தனை நாளில் தெரியும்? ஆயுள் முழுக்க இதைப் போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டுமா? முன்பு ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன், இப்போது ஒரு தடவைதான். வித்தியாசம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரி. சிகிச்சை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும்போது, நெஞ்சு சும்மா இருப்பதில்லை. மூடிய பாதை வழியே காற்றை இழுக்கப் பலம் கொண்ட மட்டும் முயல்கிறது. அந்த இழுப்பில் நெஞ்சுக்குள் ஒரு வெற்றிடம் உண்டாகி, இதயத்தின் மேல் அறைகள் விரிகின்றன. உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக எண்ணி, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதற்குக் கீழ்ப்படிகிறது. நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பலர் இதைப் புராஸ்டேட் தொல்லை என்றே நினைத்து வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். நான்கு தடவை ஒன்றாகக் குறைந்தது என்றால், கருவி ஓடுகிற அந்த மூன்றரை மணி நேரமாவது உங்கள் இதயம் அந்த இழுபறியில் மாட்டாமல் இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் அசதி ஏன் போகவில்லை? நீங்கள் மாஸ்க்கைக் கழற்றும் நேரத்தைப் பாருங்கள்.

ஏஹெச்ஐ 38 என்றால், ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 38 தடவை உங்கள் மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றுபோகிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிர நிலை. ஏழு மணி நேரம் தூங்கினால் 266 தடவை. பெரும்பாலான தடவைகளில் மூளை லேசாக விழித்து, தொண்டையைத் திறந்துவிட்டுத் திரும்பத் தூங்கப் போகிறது. காலையில் அதில் ஒன்றுகூட உங்களுக்கு நினைவிருக்காது, களைப்பு மட்டும் மிஞ்சும். இந்தத் தடைகள் ராத்திரி முழுவதும் ஒரே மாதிரி வருவதில்லை. கனவு காணும் தூக்கத்தின் பெரும்பகுதி ராத்திரியின் பின்பாதியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் துவண்டுவிடும், தொண்டையும் சேர்த்துத்தான். அதனால் அப்போது வரும் மூச்சுத்தடை நீளமாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனும் இன்னும் கீழே இறங்கும். பதினொரு மணிக்குப் படுத்து இரண்டரைக்கு மாஸ்க் கழன்றுவிட்டால், உங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது லேசான பாதிக்குத்தான். மோசமான பாதியை வெறும் தொண்டையோடு கடக்கிறீர்கள். அசதி அங்கிருந்து வருகிறது.

முதல் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கியதற்கும் காரணம் உண்டு. வருடக்கணக்கில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் கிடைக்காத மூளை, வழி திறந்த உடனே பழைய பாக்கியை வசூலிக்கும். சிலருக்கு அந்த நாட்களில் கனவுகள்கூடச் சினிமா போலத் தெளிவாக வரும். பாக்கி கொஞ்சம் தீர்ந்ததும் தூக்கம் வழக்கமான அளவுக்கு லேசாகிறது. அப்போதுதான் முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது உறைக்கிறது, கை தானாகப் போய் இழுக்கிறது. கருவி பலன் தராமல் போய்விட்டது என்று பலர் கைவிடுவது இந்த இரண்டாவது வாரத்தில்தான். நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பலன்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. குறட்டை முதல் ராத்திரியே நின்றுவிடும். சிறுநீருக்கு எழுவதும் காலைத் தலைவலியும் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். பகல் தூக்கம் சிலருக்கு ஒரு வாரத்தில் விலகும், பலருக்குச் சில வாரங்கள் ஆகும். ராத்திரி முழுக்கப் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எரிச்சல், மறதி, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது எல்லாம் மெதுவாகத்தான் விலகும். பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் வீட்டில் இருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் மூன்றாவது வாரம் "எனக்கு ஒண்ணும் பெரிசா தெரியல டாக்டர்" என்று சலித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "இத்தனை வருஷமா அடுத்த மூச்சு வருதான்னு இவர் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டே படுத்திருப்பேன். இப்பதான் நான் தூங்குறேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கருவியைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

ரத்த அழுத்தமும் இறங்கும், ஆனால் அளவோடுதான். சராசரியாக 2, 3 புள்ளிகள். மூன்று வகை மாத்திரை போட்டும் அடங்காத அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக இறங்கலாம். அதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாரடைப்பு, பக்கவாதம் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து நடந்த சேவ் ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. சிபாப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. பகல் தூக்கம், மனநிலை, அன்றாட வாழ்க்கையின் தரம் ஆகியவை தெளிவாக முன்னேறின. அந்த ஆய்வில் சிபாப் போட்டவர்கள் ராத்திரிக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டார்கள் தெரியுமா? 3.3 மணி நேரம். கிட்டத்தட்ட உங்கள் கணக்குதான். நீண்ட நேரம் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஆனால் பகல் தூக்கத்தைப் பொறுத்தவரை, போடும் நேரம் கூடக் கூடப் பலனும் கூடுகிறது. பல இடங்களில் ராத்திரிக்கு நான்கு மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பாஸ் மார்க் என்றுதான் எடுத்துக்கொள்வேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்களோ, அத்தனை மணி நேரமும் போட வேண்டும்.

இனி உங்கள் வாய் வறட்சிக்கு வருவோம். அதுவும் மாஸ்க் கழல்வதும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் போட்டு, தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால், மூக்கு வழியே போகிற காற்று வாய் வழியே வெளியேறிவிடும். வாய் காய்ந்து தூக்கம் கலைகிறது, கை மாஸ்க்கைத் தேடிப் போகிறது. முதலில் மூக்கைக் கவனியுங்கள். அடைப்பு இருந்தால் வாய் திறக்கத்தான் செய்யும். படுக்கும் முன் உப்பு நீர் ஸ்ப்ரே உதவும். ஒவ்வாமையால் வரும் அடைப்பு என்றால் மருத்துவர் வேறு ஸ்ப்ரே தருவார். கருவியில் உள்ள ஹ்யூமிடிஃபையரின் ஈரப்பதத்தை ஒரு படி ஏற்றுங்கள். அதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். குழாயில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்து முகத்தில் தெறித்தால் ஈரப்பதம் அதிகம் என்று அர்த்தம், ஒரு படி இறக்குங்கள். இதற்கும் வறட்சி அடங்கவில்லையென்றால், வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முதலில் கொடுத்த மாஸ்க்கோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று இல்லை. மாஸ்க்கை மாற்றிய அன்றே நன்றாகத் தூங்கியவர்கள் ஏராளம்.

மாஸ்க்கைக் கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போவது எல்லோரும் செய்யும் தவறு. படுத்ததும் முகத்தின் சதை இடம் மாறும், மாஸ்க்கும் நழுவும். எப்போதும் படுக்கிற வாக்கில் படுத்து, கருவியை ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்வாக மாட்டுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, காற்று அதன் ஓர மெத்தைக்குள் நிரம்பியதும் மெதுவாக விடுங்கள். அது தானே போய் உட்காரும். காற்றுக் கசிவு நிற்கும் வரைக்கும் மட்டும் பட்டையை இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் மெத்தை நசுங்கிக் கசிவு கூடத்தான் செய்யும். மூக்குத்தண்டில் தழும்பும் விழும். கண்ணில் காற்று அடித்தாலோ, காலையில் கண் சிவந்திருந்தாலோ மேல்பக்கம் கசிகிறது. முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வழுக்கும், ஆகவே முகத்தைக் கழுவிவிட்டுப் போடுங்கள். மாஸ்க்கையும் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

பகலில் பழகுவதும் அவசியம். டிவி பார்க்கும்போதோ படிக்கும்போதோ கருவியை ஓடவிட்டு அரை மணி நேரம் மாஸ்க்கோடு உட்காருங்கள். மூளை அதை அந்நியப் பொருளாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். தூக்கத்தில் தொடங்கும் சண்டையை விழித்திருக்கும்போதே முடித்துக்கொள்வது சுலபம். பகலில் குட்டித் தூக்கம் போட்டாலும் மாஸ்க் போட்டே தூங்குங்கள்.

நடு ராத்திரி விழிக்கும்போது காற்று பலமாக அடிப்பது போல் தெரிந்தால், கருவியில் உள்ள ராம்ப் வசதியை மறுபடி அழுத்துங்கள். அழுத்தம் தாழ்ந்து, நீங்கள் தூங்கத் தூங்க மெல்ல ஏறும். அந்தப் பொத்தான் படுக்கும்போது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பலர் நடு ராத்திரியில் காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். மற்றபடி மருத்துவர் வைத்த அழுத்த அளவில் நீங்கள் கை வைக்க வேண்டாம். காலையில் வயிறு காற்றடைத்து உப்பியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

ஆயுள் முழுக்கவா என்ற கேள்வி உங்களை உள்ளுக்குள் அழுத்துகிறது என்று தெரிகிறது. சிபாப், மூக்குக் கண்ணாடி மாதிரி. போட்டிருக்கும் வரை தெளிவாகத் தெரியும், கழற்றினால் பழைய மங்கல் திரும்பிவிடும். சிகிச்சையை நிறுத்தினால் சில நாட்களிலேயே மூச்சுத்தடையும் திரும்புகிறது. ஆனால் நோயின் அளவு மாறக்கூடியது. அதிக எடை உள்ளவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஏஹெச்ஐ ஏறக்குறைய கால்வாசி குறைகிறது. நல்ல அளவு எடை இறங்கினால் மறுபரிசோதனை செய்து, அழுத்தத்தைக் குறைக்கவோ கருவியை நிறுத்தவோ முடியுமா என்று பார்க்கலாம். கருவி போட்டால் எடை தானாக இறங்காது, சிலருக்குக் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்காக டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. உங்களுக்கு அது தேவையா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். மதுவும், மருத்துவர் சொல்லாமல் போடும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

இந்தக் கருவி வருவதற்கு முன்பு, தீவிர ஆப்னியாவுக்கு நம்பகமான வழி கழுத்தில் துளை போட்டு மூச்சுவிடச் செய்வதாக இருந்தது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஒரு வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி செய்து, ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-ல் எழுதினார். அன்றைக்கு அந்த இரைச்சலோடு, மாஸ்க்கை முகத்தில் பசை வைத்து ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். ராத்திரி மாஸ்க்கோடு போராடுவதாக யாராவது சொன்னால் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். பகல் தூக்கம் முழுவதும் போகும் வரை நீண்ட தூரமும் ராத்திரியிலும் வண்டி ஓட்டாதீர்கள். கண் சொக்குவது போல் இருந்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூட வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாஸ்க்கையும் எடுத்துப் போங்கள். கருவியில் பதிவாகும் மூன்று எண்களைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது, கசிவு எவ்வளவு, கருவியோடு ஏஹெச்ஐ எவ்வளவு. அந்த ஏஹெச்ஐ 5-க்குக் கீழே இருந்தால் காற்று தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, நேரத்தை மட்டும் கூட்டினால் போதும். தினமும் ஆறு ஏழு மணி நேரம் போட்டு, எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்து, மூன்று மாதம் கழித்தும் கண் சொக்கினால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, வேறு மாத்திரைகள் என்று மற்ற காரணங்களைத் தேட வேண்டும்.

இன்று ராத்திரி நடு ஜாமத்தில் விழித்து, மாஸ்க் தலையணையில் கிடப்பதைப் பார்த்தால், மணி மூன்றானாலும் நான்கானாலும் எடுத்துத் திரும்பப் போடுங்கள். அடுத்த வாரம் எனக்கு எழுதும்போது, சிறுநீருக்கு எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.