நாட்டின் பாதுகாப்புக்காக உங்கள் சுதந்திரத்தையும் அந்தரங்கத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாரா?

ஓரளவுக்குத் தயார். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னால் போடுகிறேன், பையைத் திறக்கச் சொன்னால் திறக்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் தொழிலதிபரும் அதையேதான் செய்கிறார், பின்னால் நிற்கும் பாட்டியும் செய்கிறார். எல்லாம் கண்ணெதிரே நடந்து இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஆனால் "தாராளமாக, நாடுதானே முக்கியம்" என்று சட்டென்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். அவர்கள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் தங்கள் சுதந்திரத்தை இல்லை. போலீஸ் தன் வீட்டுக் கதவைத் தட்டாது என்ற நம்பிக்கையில், வேறு யாருடைய சுதந்திரத்துக்கோ சரி என்கிறார்கள். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்ற கேள்வியும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. பஞ்சாப் நிலவரத்தை மனதில் வைத்து 1985-ல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் தடா. சாதாரண வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. தடாவில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவுசெய்தால் செல்லும் என்று பின்னர் ஆனது. 1991-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோது மக்கள் இருந்த மனநிலையில், இந்தப் பிரிவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் கோபம் நியாயமானதுதான். அன்றைக்குக் குண்டுவெடிப்பில் ராஜீவோடு சேர்ந்து பொதுமக்களும் காவலர்களும் இறந்தார்கள்.

அந்தக் கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அது மட்டுமில்லை, இது தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. ஆனால் அதே தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் சாட்சியமாக நின்றன.

அப்போது விடுதலை கிடைக்காதவர்களில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். எழுதாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். முப்பது வருடங்களுக்கு மேல்! சாதாரணச் சட்டத்தில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இருந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பொடா. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த வைகோவின் மதிமுகவும் ஆதரித்தது. ஜூலையிலேயே, திருமங்கலம் கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ அதே பொடாவில் கைதாகி, ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். சட்டத்துக்கு ஆதரவாக நின்ற ஒரு எம்.பி.க்கே இந்த நிலை என்றால், வாய்தாவுக்குப் போக பஸ் காசு தேடுகிறவனின் நிலைமை என்ன?

கேமரா விஷயத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்தபோது மக்களே பணம் போட்டார்கள். செயின் பறிப்புக்குப் பயந்தவர்கள் அவர்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2024-ல் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். நம் பாதுகாப்புக்கென்று சேர்த்த தகவலுக்கே பாதுகாப்பு இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் போன் ஒட்டுக்கேட்புக்கு இன்றும் உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும், அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அதிகாரிகள்தான். இந்த வேலை ஒரு நீதிபதியிடம் போக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, தடாவுக்கும் பொடாவுக்கும் ஆயுள் தேதி இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். தடாவில் கைதானவர்களில் மிகச் சிலருக்கே தண்டனை கிடைத்தது என்று நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதால்தான் 1995-ல் அதை நீட்டிக்காமல் விட்டார்கள். 2004-ல் பொடாவை ரத்து செய்தபோது அதன் பல பிரிவுகள் உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் போயின. 2008-ல் மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அந்தச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதை இன்னும் கடினமாக்கினார்கள். உபாவுக்கு ஆயுள் தேதி கிடையாது. அந்தத் தேதியை எழுதிக்கொண்டு வந்து கேட்டால், என் பங்குக்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்து பேச நான் தயார்.