வாங்கிய புத்தகத்துக்கு 'உடைய' எதற்கு?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது சீனம் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டேன். இப்போது ஒசாகாவில் ஜப்பானியம் படிக்கிறேன். சீனத்தில் 'தெ' எப்படியோ, ஜப்பானியத்தில் 'நொ' அப்படி என்று என் தோழி சொன்னாள். 'வொ தெ ஷு', 'வதாஷி நொ ஹொன்' இரண்டுமே 'என் புத்தகம்'. அதை நம்பி, 'வாங்கிய புத்தகம்' என்பதற்குக் 'கத்த நொ ஹொன்' என்று எழுதினேன். ஆசிரியை 'நொ'வை அடித்துவிட்டார். மறுவாரமே ஒரு கதையில் 'வதாஷி நொ கத்த ஹொன்' என்று பார்த்தேன். 'நான் வாங்கிய புத்தகம்' என்றுதான் பொருள். அங்கே மட்டும் 'நொ' எப்படிச் சரியாகும்?

கே.

அன்புள்ள கே.,

'தெ' உடைமை உருபு என்றுதான் நமக்கு முதலில் அறிமுகமாகிறது. உண்மையில் அதன் வேலை இன்னும் பெரியது. பெயருக்கு முன்னால் ஓர் ஆள் வந்தாலும் நிறம் வந்தாலும் முழு வாக்கியமே வந்தாலும், அதைப் பெயரோடு ஒட்டவைப்பது 'தெ'தான். 'ஹொங் தெ ஹுவா' என்றால் சிவப்புப் பூ. 'வொ மாய் தெ ஷு' என்றால் நான் வாங்கிய புத்தகம். சீன வினை நம் வினையைப் போல உருமாறுவதில்லை, எங்கும் 'மாய்'தான். 'தெ'யை எடுத்துவிட்டால் 'வொ மாய் ஷு', அதாவது 'நான் புத்தகம் வாங்குகிறேன்' என்றாகிவிடும். அதனால் அங்கே அது இல்லாமல் முடியாது.

ஜப்பானிய வினைக்கு அந்தத் தேவை இல்லை. 'கத்த' என்பது 'வாங்கிய' மாதிரி. அப்படியே பெயரின் முன்னால் போய் நிற்கும். 'வாங்கியவுடைய புத்தகம்' என்று நாம் சொல்வோமா? சிவந்த பூவும் அப்படித்தான், 'அகாய் ஹனா', நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த இடத்தில் சீனத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேராகத் தமிழில் நினைத்து எழுதுங்கள், தானாகச் சரியாக வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் குழந்தைகளே பேசத் தொடங்கும் வயதில் 'அகாய் நொ' என்று சொல்லி அதன் பின்னால் பெயரையும் சேர்ப்பதுண்டு. ஆகவே வருந்தாதீர்கள்.

அப்புறம் அந்தக் கதை வரி. அங்கே 'நொ' எதன் பின்னால் நிற்கிறது என்று பாருங்கள். 'கத்த'வுக்குப் பின்னால் இல்லை, 'வதாஷி'க்குப் பின்னால். வழக்கமாக அந்த இடத்தில் எழுவாயைக் காட்டும் 'க' வரும் ('காந்தி'யில் ஒலிக்கும் மெல்லிய க). பழைய ஜப்பானியத்தில் 'க', 'நொ' இரண்டுமே உடைமையைக் காட்டியவை. ஊர்ப்பெயர்களில் அந்தப் பழைய 'க' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1600இல் பெரும்போர் நடந்த செகிகஹாரா என்ற பெயரைப் பிரித்தால் செகி, க, ஹாரா, அதாவது காவல் சாவடியின் சமவெளி. தோக்கியோவில் அமைச்சகங்கள் இருக்கும் கசுமிகசெகி, மூடுபனியின் சாவடி. 'எங்கள் நாடு' என்பதற்கு இன்றும் 'வககுனி' என்கிறார்கள். 'க' காலப்போக்கில் எழுவாய்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. 'நொ' உடைமையில் தங்கிவிட்டது. ஆனாலும் பெயரைத் தழுவி நிற்கும் தொடருக்குள் மட்டும் 'க' இருக்கும் இடத்தில் 'நொ' இன்னும் வரலாம். உங்கள் வரியில் வந்தது அதுதான். முழு வாக்கியத்தில் 'வதாஷி நொ கத்த' என்று எழுதிவிடாதீர்கள், தவறாகிவிடும்.

சொந்தபந்தத்துக்கு வரும்போது இந்த இரண்டு மொழிகளும் இன்னும் விலகிப் போகின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சீனத்தில் 'வொ மாமா' (என் அம்மா) என்று 'தெ' இல்லாமல் சொல்வதுதான் இயல்பு, நெருங்கிய உறவுக்கு ஒட்டு வேண்டாம். அதைப் பார்த்து ஜப்பானியத்தில் 'நொ'வை விட்டுவிட்டு 'வதாஷி ஹஹா' என்றால் தப்பு. அங்கே விடுவதென்றால் 'வதாஷி'யையே விட்டுவிடுவார்கள். வெளியாளிடம் 'ஹஹா' என்றாலே அது என் அம்மா. அவருடைய அம்மாவைக் கேட்பதானால் 'ஒகாசான்'. யாருடைய அம்மா என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'இஷா நொ ஹஹா' என்று ஒருவர் சொன்னால் 'மருத்துவரான என் அம்மா' என்றும் பொருள்கொள்ளலாம். இதைச் சொல்லுக்குச் சொல் சீனமாக்கி 'யீஷெங் தெ மாமா' என்றால் அவர் மருத்துவருடைய அம்மாவாகிவிடுவார்!

உங்கள் தோழியைக் குறை சொல்ல மாட்டேன். தைவானிலும் ஹாங்காங்கிலும் கடைப் பலகைகளில் 'தெ' வர வேண்டிய இடத்தில் ஜப்பானிய 'நொ' எழுத்தையே அழகுக்காகப் போடுகிறார்கள். வாங்க வருகிறவர்கள் அதைத் 'தெ'யின் பொருளிலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த எழுத்தே ஒரு சீன எழுத்தின் விரைவு வடிவத்திலிருந்து பிறந்ததுதான்.

இரண்டும் உண்மையிலேயே ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பெயரைச் சொல்லாமல் விடும்போது 'வொ மாய் தெ', 'வதாஷி க கத்த நொ' இரண்டுக்கும் 'நான் வாங்கியது' என்று பொருள். 'ஹொங் தெ', 'அகாய் நொ' இரண்டும் சிவப்பானது. ஆசிரியை அடித்த வரியில் 'நொ'வை வைத்துக்கொண்டு 'ஹொன்'னை எடுத்துவிட்டுப் பாருங்கள், 'வாங்கியது' என்று சரியாகவே வரும்.