கிறிஸ்துமஸ் விருந்துக்குச் செய்த மிண்ட் சாக்லேட் டிப் தண்ணீராக ஓடுகிறது, பற்பசை மாதிரி மணக்கிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஓடுகிறதென்றால் அநேகமாக டப்பாவில் வரும் தடவுகிற கிரீம் சீஸ் வாங்கியிருப்பீர்கள். அதில் ஈரம் அதிகம், ‘லைட்’ வகையில் இன்னும் அதிகம். அட்டைப்பெட்டியில் கட்டியாக வரும் 250 கிராம் முழுக்கொழுப்பு கிரீம் சீஸ்தான் வேண்டும். ஐசிங் சர்க்கரைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினாலும் இதே கதிதான்.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் கிரீம் சீஸை ஒரு மணி நேரம் வெளியே வை என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. சிங்கப்பூர் வெக்கைக்கு 20 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து அடித்தால் குருணை குருணையாக நிற்கும், கிரீம் சேர்த்த பிறகு அது கரையவே கரையாது.

கிரீம் சீஸ் கட்டியோடு 80 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து வழவழப்பாகும் வரை அடியுங்கள். 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் 200 மில்லியைத் தனிப் பாத்திரத்தில் அடிக்க வேண்டும். பாத்திரமும் பீட்டர் கம்பியும் அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சூட்டில் நுரை நிற்காது. கம்பியைத் தூக்கினால் கூம்பு நின்று, நுனி மட்டும் லேசாகச் சாயும்போது நிறுத்திவிடுங்கள். தாண்டினால் திரிந்து வெண்ணெயாகத் தொடங்கும். இதை மூன்று தவணையாகக் கிரீம் சீஸில் சேர்த்துக் கரண்டியால் மடித்துக் கலக்கவும், மெஷின் வேண்டாம்.

இப்போது மணம். பற்பசை வாசம் வந்தால் அநேகமாக எசன்ஸ் கூடிவிட்டது. பெப்பர்மிண்ட் எசன்ஸ் கால் டீஸ்பூன் போட்டு ருசி பாருங்கள், அரையைத் தாண்டாதீர்கள். குளிரக் குளிர மணம் ஏறும். பாட்டிலைக் கிண்ணத்துக்கு மேல் பிடித்து அளக்காதீர்கள், ஒரு நடுக்கத்தில் எல்லாம் போய்விடும். பெப்பர்மிண்ட் எண்ணெய் என்றால் 2 சொட்டு, அதுவும் சமையலுக்கானதாக இருக்க வேண்டும். இங்குள்ள தேக்கா சந்தையில் கிடைக்கும் சாதாரணப் புதினாவை அரைத்துப் போடலாமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். போடலாம், சட்னி வாசம் வரும். அந்த இலையில் பெப்பர்மிண்டின் சில்லிப்பைத் தரும் மெந்தால் மிகக் குறைவு.

100 கிராம் டார்க் சாக்லேட்டை மிளகளவு பொடியாக நறுக்கிக் கடைசியில் கலக்கவும். உருக்கி ஊற்றினால் குளிர்ந்த கிரீமில் பட்டதும் இறுகித் திப்பித் திப்பியாகிவிடும். மூடி 3 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பத்துப் பேருக்குத் தாராளம்.

விருந்தாளிகளைப் பார்த்து வாங்குங்கள். சில ‘திக்கண்ட் கிரீம்’ (கெட்டிப்படுத்திய கிரீம்) வகைகளில் ஜெலட்டின் உண்டு, சைவக்காரர்களுக்கு ஆகாது. எசன்ஸ் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். முஸ்லிம் நண்பர்கள் வருவார்களானால் ஹலால் முத்திரை பார்த்து எடுங்கள். பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் கடைகளில் லேபிளைப் படிக்காமல் கூடையில் போடாதீர்கள்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து என்றால் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ‘நான் ஸ்வீட்’ என்று கை தூக்கிவிடுகிறார்கள், சோறு கொண்டுவர ஆளில்லை. போதாக்குறைக்கு இந்த டிப்பை பிரியாணி சூடாகும் அடுப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். பனிக்கட்டி நிரப்பிய தட்டின் மேல் கிண்ணத்தை வைக்கச் சொல்லுங்கள், 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

தொட்டுச் சாப்பிட ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி நன்றாகத் துடைத்து வையுங்கள், ஈரம் சொட்டினால் மேல்பக்கம் நீர்த்துவிடும். மேரி பிஸ்கட் நல்லது. என்னைக் கேட்டால் அச்சு முறுக்குதான் முதலிடம்: ஓட்டைக்குள் டிப் தங்கும், தேங்காய்ப்பால் ருசி மிண்ட்டோடு சண்டை போடாது.